கார் நிற்க வேண்டிய இடம்

தன் வீட்டு கராஜ் கதவை ஒடீலியா அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே திறந்துவிட்டாள்.

அனுமதியின் கடைசி நாள். நாளை முதல் இந்த இடத்தில் கார் மட்டும்தான் நிற்கலாம், ரொட்டி விற்கக் கூடாது என்று நகராட்சி சொல்லியிருந்தது. மாலையில் கூடும் நகர மன்றம் மனம் வைத்தால் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் நாலு வருட உழைப்புக்கு இன்றோடு மூடுவிழா.

ஆனால் இரவெல்லாம் அவளைப் புரட்டி எடுத்தது அந்தக் கவலை இல்லை. கடை மேல் நகராட்சியில் புகார் கொடுத்தது யார் என்று நேற்று டெல்ராய் சொல்லிவிட்டான். மூன்று வீடு தள்ளித் தன்னுடைய கராஜில் முடிவெட்டும் டெல்ராய்க்கு ஊர்க்கதை எல்லாம் வந்து சேரும். பொய் சொல்கிறவன் இல்லை. சொல்வதற்கு முன் அவனே தயங்கினான்.

புகார் கொடுத்தது எதிர் வீட்டுக்காரன். எதிர் வீட்டில் இருப்பது வால்டெமார். அவள் கூடப் பிறந்த தம்பி.

அடுப்பிலிருந்து முதல் தட்டு ரொட்டியை இழுத்துவைத்துவிட்டு ஒடீலியா எதிர் வீட்டைப் பார்த்தாள். ஜன்னல் திரை மூடியிருந்தது. மூன்று வருடத்துக்கு மேலாக அது பெரும்பாலும் மூடியேதான் கிடக்கிறது.

தெருக்கோடியில் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் ஒரு காப்பீட்டு நிறுவனம் இருந்த காலத்தில், அதன் கீழ்த்தளத்து கேன்டீனை ஒடீலியாதான் நடத்தினாள். டொரோன்டோவுக்கு மேற்கே இருக்கும் இந்தப் புறநகரில் அவளுக்குத் தெரிந்த வாழ்க்கை அதுதான். புருஷன் ஆர்த்தூர் இறந்துபோன பிறகு அவளைத் தாங்கி நிறுத்தியதும் அந்த கேன்டீன்தான். நோய் வந்த அந்த மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எல்லோரும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வாரத்தில் வந்துவிடுகிறோம் என்று கையாட்டிவிட்டுப் போனவர்கள் அப்புறம் திரும்பவே இல்லை. வண்டி நிறுத்த இடமில்லாமல் சண்டை நடந்த மைதானத்தில் இப்போது வாத்துகள் குடும்பம் நடத்துகின்றன.

கேன்டீன் கிடங்கில் மாவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. கெட்டுப்போக விடுவதா என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய அடுப்பு ஒன்றை கராஜில் போட்டு, சுடத் தொடங்கினாள். அதுவரை இந்தத் தெருவில் யாரும் நடந்து அவள் பார்த்ததில்லை. ஒரு பாக்கெட் பாலுக்கும் காரை எடுக்க வேண்டிய தெரு. காலை பத்து மணிக்கு ஈ காக்கை இருக்காது. ஊரடங்கில் போக்கிடம் இல்லாமல் ஜனங்கள் நடக்க ஆரம்பித்தார்கள். ரொட்டி வாசனை அவர்களை நிறுத்தியது. ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, நடைபாதையில் சாக்குக்கட்டியால் போட்ட வட்டங்களுக்குள் நின்று வாங்கிப் போனார்கள்.

நகராட்சியும் அப்போது சந்தோஷமாகத் தற்காலிக அனுமதி கொடுத்தது. வருடா வருடம் நீட்டித்தது. அவளைப் பார்த்து டெல்ராய் திறந்தான். சைக்கிள் பழுது பார்க்கிற ஒருவர் திறந்தார். நோய் போன பிறகும் கூட்டம் போகவில்லை. வேலை வீட்டுக்கே வந்துவிட்டது. வீட்டிலேயே வேலை பார்க்கிறவர்களுக்குப் பதினோரு மணிக்கு எழுந்து நடக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

அன்று ஆரம்பித்தபோது இந்த மேசையில் ஒடீலியாவோடு நின்று மாவு உருட்டியவள் வால்டெமாரின் மனைவி நத்தேர்சியா. முதல் குளிர்காலம் முடிவதற்குள் நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. அடக்கத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் வரக் கூடாது என்றார்கள். அன்றைக்கு அப்புறம் வால்டெமார் இந்தத் தெருவைக் குறுக்கே கடந்து அக்கா வீட்டுக்கு வரவே இல்லை.

"அம்மா."

மகள் மரீசா பேஸ்மென்ட் படியேறி வந்து நின்றாள். முப்பத்து நாலு வயது. நகராட்சியின் நிலத் திட்டப் பிரிவில் வேலை. எந்தத் தெருவில் எது கட்டலாம், எது கூடாது என்று தீர்மானிக்கும் பிரிவு. அம்மாவின் கடை விவகாரம் மேசைக்கு வந்த அன்றே, இந்த ஃபைல் பக்கம் நீ தலைவைத்தும் படுக்கக் கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது என்று மேலதிகாரி கிரஹாம் சொல்லிவிட்டார். நியாயம்தான் என்று அவளும் ஒதுங்கிக்கொண்டாள்.

"ரிப்போர்ட் வெளிய வந்துடுச்சு. அனுமதி நீட்டிக்க வேண்டாம்னு எழுதியிருக்காங்க."

"காரணம்?"

"நிலைமை பழையபடி ஆகிடுச்சாம்."

ஒடீலியா கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டாள். "பழையபடி ஆகிடுச்சுன்னா நீ எதுக்கு இன்னும் என் பேஸ்மென்ட்ல உக்காந்து ஆபீஸ் வேலை பாக்குற?"

மரீசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மீதியையும் சொன்னாள். கண்ணாடிக் கட்டடங்களை வாங்கிய புது முதலாளி அவற்றை இடித்துவிட்டுப் பெரிய சரக்குக் கிடங்கு கட்ட விண்ணப்பம் போட்டிருக்கிறார். அதற்கு அதே ரிப்போர்ட்டில் ஆட்சேபம் எதுவும் இல்லை. கராஜ் கடைக்காரர்கள் வேண்டுமானால் நெடுஞ்சாலை ஓரத்து மாலில் வாடகைக்கு இடம் பார்த்துக்கொள்ளலாமாம்.

அப்படியானால் தெருக்கோடியில் லாரி ராப்பகலாக ஓடலாம், தெரு நடுவில் ரொட்டி விற்கக் கூடாது, அப்படித்தானே என்று ஒடீலியா கேட்டாள். அப்படித்தான் என்றாள் மகள். அந்த மாலுக்கு நடந்து போகப் பாதைகூடக் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

"நீ இன்னைக்குக் கோவத்துல எதுவும் சொல்லிடாதம்மா. கெஞ்சுற மாதிரி பேசினா இன்னும் ஆறு மாசமாவது கிடைக்கும்னு தோணுது."

"கெஞ்சுறதுக்கு நான் எதையும் திருடல."

வரிசையில் முதல் ஆள் வந்து நின்றார். பேச்சு அதோடு நின்றது.

மத்தியானம் கூட்டம் கலைந்ததும் ஒடீலியா ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் தெருவைக் கடந்தாள்.

வால்டெமார் புல் வெட்டிக்கொண்டிருந்தான். நல்ல உழைப்பாளி. முப்பது வருடம் கான்கிரீட் போட்டவன். இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றுக்கு அஸ்திவாரம் போட்டது அவன் வேலை பார்த்த கம்பெனிதான். மனைவி போன பிறகு அவனுக்கு மிச்சம் இருந்தது இந்தப் புல்தரை ஒன்றுதான். அதைச் சீவிச் சீவி வைத்திருந்தான்.

அக்காவைப் பார்த்ததும் மெஷினை அணைத்தான்.

"நீதானே?"

"நான்தான்."

இல்லை என்பான், அல்லது மழுப்புவான் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். ஏன் என்று மட்டும் கேட்டாள். வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாக நிற்கின்றன, சத்தம் தாங்கவில்லை என்றான் அவன். அதைத்தான் புகாரிலும் சொல்லியிருந்தானாம்.

"முனை வீட்டு விட்லாக் சொல்லட்டும் அதை. நீ உண்மையைச் சொல்லு."

வால்டெமார் மெஷின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான்.

"காலைல எந்திரிச்சுத் திரையைத் தள்ளினா அந்த மேசை தெரியுதுக்கா. அவ நின்ன மேசை. அதுல யார் யாரோ சாஞ்சுக்கிட்டு காப்பி குடிக்கிறாங்க, சிரிக்கிறாங்க. அவ அங்க நின்னதே இல்லங்கற மாதிரி இருக்கு எல்லாருக்கும்."

ஒடீலியா திரும்பித் தன் கராஜைப் பார்த்தாள்.

"அங்கதான் அவளுக்கு வந்துச்சு" என்றான் அவன், மெதுவாக.

மூன்று வருடத்துக்கு மேலாக இருவருக்கும் நடுவில் கிடந்த பேச்சு அது. இரவில் எத்தனையோ முறை ஒடீலியாவும் அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டிருக்கிறாள். அந்த வாரம் வரிசையில் நின்றவர்கள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. கட்டட சைட்டுக்கு நீயும்தான் தினம் போய் வந்த. அவ மருந்துக் கடைக்கும் போனா. எங்கேருந்து வந்துச்சுன்னு இனிமே யாரு சொல்ல முடியும்? ஆனா ஒண்ணு எனக்குத் தெரியும். அந்த வருஷம் அவ நிம்மதியா இருந்தது என் மேசைகிட்டதான். அதை மூடச் சொல்லாத. மூட மாட்டேன்."

வால்டெமார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையில் நகர மன்றத்தில் தான் பேசப் போவதாகவும், விட்லாக் தன்னைக் காரில் அழைத்துப் போவதாகவும் சொன்னான். பேசப் போவது அவளுக்கு எதிராகத்தான் என்பதையும் மறைக்கவில்லை.

"பேசு. யாரு வேணாம்னா? ஆனா இந்தக் கிழிஞ்ச பனியனோட வந்து மைக் முன்னால நிக்காத. செத்துப்போன நம்ம அம்மாவோட மானம் போயிரும்."

திரும்பி நடந்தாள். தெருவின் பாதியிலேயே ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டாள்.

நகர மன்றக் கூடத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். டெல்ராய் இருந்தான். சைக்கிள்காரர் மனைவியோடு வந்திருந்தார். பெயர் தெரியாமல் முகம் மட்டும் தெரிந்த வாடிக்கையாளர்கள் பலர் இருந்தார்கள். இவர்களையெல்லாம் கூரைக்குக் கீழே ஒன்றாகப் பார்ப்பது ஒடீலியாவுக்கு அதுதான் முதல் தடவை.

முதலில் விட்லாக் பேசினார். தெரு முனை வீட்டுக்காரர். கோட்டும் டையுமாக வந்திருந்தார். அமைதிக்காகவும் பசுமைக்காகவும்தான் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு இங்கே வீடு வாங்கினோம் என்றார். இன்று ரொட்டி, முடிவெட்டுதல் என்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சட்டத்தில் ஒரு கதவைத் திறந்துவிட்டால் நாளை பெரிய கம்பெனிகள் வரிசையாக கராஜ்களை வாடகைக்கு எடுக்கும். அப்போது அந்தத் தெருவில் மனிதர்கள் குடியிருக்க முடியாது என்றார். மனிதர் அழுத்தமாகப் பேசினார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று ஒடீலியாவுக்கே பட்டது. எரிச்சலாகவும் இருந்தது.

அவள் முறை வந்தது. மைக்கை யாரோ உயரமாக வைத்திருந்தார்கள். இறக்கிக்கொண்டாள்.

"நோய் வந்தப்ப வீட்டுக்கு வீடு ரொட்டி கொண்டுபோய்க் குடுத்தேன். அப்ப நீங்க எல்லாரும் வாசல்ல நின்னு கைதட்டினீங்க. நகராட்சியே என் போட்டோவைப் போட்டு நன்றி சொல்லிச்சு. அதே அடுப்பு, அதே மாவு. இப்ப சட்டவிரோதம்ங்கறீங்க."

மன்ற உறுப்பினர்கள் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தெருவ யாருக்காகப் போட்டீங்க? காலைல கார்ல கிளம்பி ஆபீஸுக்குப் போயிட்டு சாயங்காலம் தூங்க வர்றவங்களுக்காகப் போட்டீங்க. அந்த ஜனங்க இப்ப பகலெல்லாம் வீட்லதான் இருக்காங்க. ஆபீஸ்தான் காலி. வாழ்க்கை மாறிப்போச்சு, தெரு மட்டும் மாறக் கூடாதுன்னா எப்படி? விட்லாக் சொன்ன மாதிரி பெரிய கம்பெனி வந்துடும்னு பயமா இருந்தா, அந்த வீட்ல குடியிருக்கறவங்கதான் கடை வைக்கலாம்னு எழுதுங்க. எழுதறது உங்க கையிலதானே இருக்கு?"

ஹார்க்ரோவ் என்ற மூத்த உறுப்பினர், நேரம் முடியப் போகிறது என்று நினைவுபடுத்தினார். கிடங்குத் திட்டத்தை முன்னால் நின்று தூக்கிப் பிடிக்கும் அம்மாள் அவர்தான்.

"முடிச்சுக்கறேன். இன்னைக்கு நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி, நாளைக்குக் காலைல என் கதவு திறந்திருக்கும்."

"அது சட்டத்தை மீறுறது. உங்களுக்கு அது தெரியும்னு நினைக்கிறேன்."

"தெரியும். அதான் ஒளிச்சு மறைக்காம இங்கேயே சொல்லிட்டுப் போறேன்."

அவள் இடத்துக்குத் திரும்பியபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. மரீசா மைக்குக்குப் போகும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அதிகாரிகள் மேசையிலிருந்து கிரஹாம் அவளையே பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஒரு முறை அசைத்தார். ஒடீலியாவும் அதையேதான் சொல்ல நினைத்தாள். எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தன் கடைக்காகத் தான் நிற்பது வேறு. மகளுடைய வேலை வேறு.

மரீசா மைக்கைப் பிடித்துவிட்டாள். பெயரைச் சொன்னாள். முகவரி கேட்டார்கள். அம்மா வீட்டு பேஸ்மென்ட் என்றாள். கூடத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. தான் நகராட்சி ஊழியராகப் பேசவில்லை, இந்தத் தெருக்காரியாகத்தான் பேசுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"எட்டு வருஷமா நான் இந்த ஊர் வரைபடத்துலதான் வேலை பாக்குறேன். வீடுன்னா மஞ்சள். கடைன்னா சிவப்பு. எங்க தெரு முழுக்க மஞ்சள். நாலு வருஷமா அதே தெருவுல உக்காந்துதான் அந்த வரைபடத்தைத் திருத்திக்கிட்டு இருக்கேன். ஜன்னல் வழியா நிமிர்ந்து பாத்தா, வெளிய இருக்கறது வேற, என் திரையில இருக்கறது வேற. தப்பு தெருவுல இல்லங்க. வரைபடத்துல இருக்கு. நாங்க அதைத் திருத்தணும். தெருவைத் திருத்தறது எங்க வேலை இல்ல."

கிரஹாம் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். போனை எடுத்து ஏதோ தட்டினார். மரீசா திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது. ஒடீலியா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசியாக வால்டெமாரை அழைத்தார்கள்.

வெள்ளைச் சட்டை போட்டு, மேல் பட்டன் வரை பூட்டியிருந்தான். பேச்சு சுருக்கமாக இருந்தது. தான் எதிர் வீட்டுக்காரன், புகார் கொடுத்தவன், அந்தக் கடையை மூட வேண்டும் என்பதுதான் தன் வேண்டுகோள். அவ்வளவுதான். அக்கா இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை. முன் வரிசையில் விட்லாக் தலையை ஆட்டினார்.

ஹார்க்ரோவ் அம்மாள் கனிவாக நன்றி சொன்னார். எல்லோரும் கஷ்டப்பட்டுவிட்டோம், அந்தக் காலம் முடிந்துபோனது, இயல்பு நிலை திரும்ப வேண்டும் என்பதுதான் ஊர் மக்கள் எல்லோருடைய ஆசையும் என்றார்.

இரண்டடி நகர்ந்திருந்த வால்டெமார் நின்றான். மைக்குக்குத் திரும்பி வந்தான்.

"எது திரும்பணும்ங்கறீங்க?"

அம்மாளுக்குக் கேள்வி புரியவில்லை.

"என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தா. உள்ள விடல. ஒரு நர்ஸ் போனைத் தூக்கிப் பிடிச்சுக் காட்டுச்சு. அதுலதான் அவளைக் கடைசியாப் பாத்தேன். இயல்பு நிலை திரும்பணும்னா அவளைத் திருப்பிக் குடுங்க. முடியாதில்ல? அப்ப அந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லாதீங்க."

ஹார்க்ரோவ் அம்மாள் வருத்தம் தெரிவித்தார். பிறகு தயக்கத்தோடு, அப்படியானால் புகாரைத் திரும்பப் பெறுகிறாரா என்று கேட்டார்.

"பெறல. எனக்கு அந்தக் கடையைப் பாக்கப் பாக்க வலிக்குது. அதுக்காகக் கேட்டேன். ஆனா நாலு வருஷமா ஒண்ணுமே நடக்காத மாதிரி எல்லாத்தையும் துடைச்சிட்டு நீங்க கிடங்கு கட்டறதுக்காக நான் கேக்கல. அதுக்கு என் பேரை எடுக்காதீங்க."

விட்லாக் எழுந்தார். கோட்டைச் சரிசெய்துகொண்டு கூடத்தை விட்டு வெளியே போய்விட்டார்.

வாக்கெடுப்பு வந்தது. ஒரு உறுப்பினர் வரவில்லை. எப்போதும் ஹார்க்ரோவ் அம்மாளைப் பார்த்துவிட்டுக் கை தூக்கும் இளைஞர் ஒருவர் இந்த முறை அவரைப் பார்க்கவில்லை. அனுமதியை நீட்டிக்கலாம் என்று கை தூக்கிவிட்டார். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிபாதி.

ஜெயித்துவிட்டோம் என்று டெல்ராய் எழுந்தே விட்டான். மரீசா அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். சமமாக வந்தால் தீர்மானம் தோற்றதாகத்தான் கணக்கு என்று அவளுக்குத் தெரியும். மேயர் அதையே அறிவித்தார். தற்காலிக அனுமதி இன்றோடு முடிகிறது. நாளை முதல் கண்காணிப்பு அதிகாரி தெருவுக்கு வருவார்.

வெளியே ஜூன் மாதத்து வெளிச்சம் இன்னும் மங்காமல் இருந்தது. ஆட்கள் போக மனமில்லாமல் படிகளில் நின்றார்கள். நாளைக்குத் திறப்பீர்களா என்று ஆளுக்கு ஆள் ஒடீலியாவிடம் கேட்டார்கள். உள்ளே சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லிக்கொண்டே காருக்குப் போனாள். டெல்ராய் மட்டும் எதுவும் கேட்கவில்லை. நானும் திறக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

காரில் ஏறியதும் மரீசா போனை நீட்டினாள். கிரஹாம் அனுப்பிய செய்தி. திங்கட்கிழமை காலை நேரில் வந்து தன்னைப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

"நாலு வருஷத்துல இதான் முதல் தடவை, ஆபீஸுக்கு நேர்ல வான்னு கூப்பிடுறாங்க" என்றாள்.

"வேலை போயிடுமா?"

"போகலாம். சும்மா திட்டிட்டும் விடலாம். தெரியல."

"ஏன்டி பேசின?"

"நீ பேசினியே, அப்ப எங்க போச்சு இந்தக் கேள்வி?"

ஒடீலியா வண்டியை எடுத்தாள். முனையில் திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. விட்லாக் அவனை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த நேரத்துக்கு அங்கே பஸ் ஏது? வால்டெமார் அது தெரியாதவன் போல நின்றுகொண்டிருந்தான்.

வண்டியை ஓரம் கட்டினாள். கண்ணாடியை இறக்கி, ஏறு என்று மட்டும் சொன்னாள்.

அவன் பின் சீட்டில் ஏறிக்கொண்டான். மரீசா திரும்பி, சட்டை நல்லா இருக்கு மாமா என்றாள். அவன் முனகினான். கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டினார்கள். இருட்டு ஜன்னல்களில் வானம் தெரிந்தது.

தெருவுக்குள் வந்து, தன் வீட்டு முன்னால் ஒடீலியா வண்டியை நிறுத்தினாள். வால்டெமார் இறங்கவில்லை.

"நாளைக்கு அந்த அதிகாரி வருவானில்ல?"

"வருவாரு."

"நான் இருப்பேன் அங்க."

ஒடீலியா தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் எதையும் படிக்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"எந்தப் பக்கம் நிக்கப் போற?"

அவன் கதவைத் திறந்து இறங்கினான். தெருவைக் கடந்து தன் வாசல் வரை போனான். சாவியைப் போட்டவன் திரும்பினான்.

"எத்தனை மணிக்கு மாவு பிசையுற?"

"அஞ்சுக்கு. ஏன்?"

அவன் சாவியைத் திருப்பினான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மாமா எதற்கு அதைக் கேட்டார் என்றாள் மரீசா. அந்த நேரத்துக்கே அதிகாரியை வரவழைத்துக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுப்பதற்கா, அல்லது வேறு எதற்காவதா?

"எதுக்கா இருந்தாலும் அஞ்சு மணிக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, ஒடீலியா மாவு மூட்டையை எடுக்கப் போனாள்.